பன்னீர் திராட்சை ஸ்குவாஷில் சோடியம் பென்சோயேட்: எவ்வளவு, எப்போது, போடத்தான் வேண்டுமா?

பன்னீர்ப்பழம் (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம். கம்பம் பக்கம் எங்க மகளிர் குழுவுல பன்னீர் திராட்சை ஸ்குவாஷ் போடுறோம். வரத்து கூடி விலை இறங்குற நேரத்துல பழத்தை வாங்கி, சாறெடுத்து, பாகு சேர்த்து, 700 மில்லி பாட்டில்ல அடைச்சு விக்கிறோம். பதிவு எண் இருக்கு. கெடாம இருக்க சோடியம் பென்சோயேட் பொடி போடுறோம், அதோட எண்தான் 211. லேபிள்ல ‘அனுமதிக்கப்பட்ட இரண்டாம் வகுப்பு பிரிசர்வேட்டிவ் ஐ.என்.எஸ். 211 சேர்க்கப்பட்டது’ன்னு தெளிவா அச்சடிச்சிருக்கோம்.

ரெண்டு விஷயம் கேக்கணும். ஒண்ணு, திருப்பூர் வாடிக்கையாளர் ஒருத்தங்க லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பி, “இது பட்டாசுல போடுற கெமிக்கலாமே, பிள்ளைக்குக் குடுத்தா கேன்சர் வருமாமே”ன்னு கேட்டாங்க. கூடவே ஒரு வாட்ஸ்அப் பார்வர்டு. எப்பவும் பெட்டியா எடுக்குறவங்க, இந்தத் தடவை வேணாம்னுட்டாங்க. அவங்களுக்கு என்னன்னு பதில் சொல்றது?

ரெண்டாவது, கடைசியாப் போட்ட பாட்டில்கள்ல கழுத்துக்கிட்ட வெள்ளையா, ஊசி ஊசியா என்னமோ மிதக்குது. அடியில மணல் மாதிரி படிவு. வாசனை நல்லாத்தான் இருக்கு. நுரை இல்ல, மூடி உப்பல. கெட்டுப்போச்சா?

மண்வாசனை:

அக்கா, முதல்ல அந்தப் பொடியே எதுக்கு? உங்ககிட்ட நல்ல பழம் இருக்கு, தோட்டம் பக்கத்துல இருக்கு. சாறைச் சூடு பண்ணி, கொதிநீர்ல கழுவின பாட்டில்ல சூடா அடைச்சு, குளிர வச்சு வித்தா ஒரு ரசாயனமும் வேணாம். பெரிய கம்பெனிக்காரன் ஆறு மாசம் கடை அலமாரியில வெயில்ல வைக்கிறதுக்காகப் போடுறதை நாம ஏன் பாத்து அப்படியே செய்யணும்? அந்த வாடிக்கையாளர் பயப்படுறது நியாயம்னுதான் எனக்குத் தோணுது.

சிரப்_ரூம்:

குளிர்பான ஆலையில் சிரப் ரூமிலும் தர ஆய்வகத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சகோதரி, முதலில் உங்கள் பாட்டிலைப் பார்ப்போம், பார்வர்டை அப்புறம் வைத்துக்கொள்வோம்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டு வேறு வேறு பொருள்கள் பாட்டிலில் இருக்கின்றன. அடியில் மணல் மாதிரி கிடப்பது பெரும்பாலும் டார்டரேட். திராட்சையில் இயற்கையாகவே டார்டாரிக் அமிலம் உண்டு. அதன் பொட்டாசியம் உப்பு, சாறு குளிரும்போது கல்லாக இறங்கும். கனமாக இருக்கும், சாற்றின் நிறம் ஏறி ஊதாவாகக்கூடத் தெரியும். மேலே மிதக்கும் வெள்ளை ஊசிதான் நீங்கள் போட்ட பென்சோயேட்டிலிருந்து வந்த பென்சாயிக் அமிலமாக இருக்க வேண்டும்.

சந்தேகம் தீர ஒன்று செய்யுங்கள். இரண்டையும் தனித்தனியாக வடிகட்டி, குளிர்ந்த நீரில் ஒரு தடவை அலசி, சிறு கண்ணாடிக் கிண்ணங்களில் போட்டு மேலே மருந்துக்கடை சர்ஜிகல் ஸ்பிரிட் கொஞ்சம் ஊற்றுங்கள். பென்சாயிக் அமிலம் ஸ்பிரிட்டில் சட்டென்று கரைந்துவிடும், டார்டரேட் அப்படியே கிடக்கும். சோதித்ததைக் கீழே கொட்டிவிடுங்கள், வாயில் வைக்க வேண்டாம்.

அதற்குள் ஒரு கேள்வி: பென்சோயேட் பொடியை எந்தக் கட்டத்தில், எப்படிச் சேர்க்கிறீர்கள்?

பன்னீர்ப்பழம்:

சார், ஸ்பிரிட் ஊத்திப் பாத்தேன். நீங்க சொன்ன மாதிரியே மேல இருந்தது கரைஞ்சிருச்சு, அடியில இருந்தது அப்படியே நிக்குது.

பொடி கடைசியாத்தான் போடுவோம். சாறு, பாகு, சிட்ரிக் அமிலம் எல்லாம் அண்டாவுல ஒண்ணாக் கலந்தப்புறம் பொடியை மேலாப்புல தூவி அகப்பையால கலக்கிருவோம். அளவு, லிட்டருக்கு ஒரு சிட்டிகைக்குக் கொஞ்சம் கூட.

சிரப்_ரூம்:

அங்கேதான் விஷயம். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால் மற்ற கேள்விகள் பாதி தீர்ந்துவிடும்.

வேலை செய்வது பென்சாயிக் அமிலம்தான், சோடியம் பென்சோயேட் இல்லை. ஆனால் அந்த அமிலம் தண்ணீரில் லிட்டருக்கு 3 கிராமுக்குச் சற்று மேல்தான் கரையும், அதுவும் மெதுவாக. அதன் சோடியம் உப்போ லிட்டருக்கு 500 கிராமுக்கு மேல் கரையும். அதனால் உப்பாகக் கொண்டுபோய்க் கரைக்கிறோம். புளிப்புள்ள பானத்துக்குள் போனதும் உப்பு மறுபடி அமிலமாக மாறி வேலையைத் தொடங்குகிறது. புளிப்பு ஏற்கெனவே ஏறிய அண்டாவில் பொடியைத் தூவினால், பொடி விழுந்த இடத்தில் மட்டும் ஒரேயடியாக அமிலம் உண்டாகி, கரைய முடியாமல் வெள்ளை ஊசியாகப் பிரிந்துவிடும். பாகு கெட்டியாக இருக்கும்போது திரும்பக் கரைவது இன்னும் கஷ்டம்.

இது கண்ணுக்கு மட்டும் அசிங்கம் என்று விட்டுவிடாதீர்கள். ஊசியாகப் பிரிந்தது பாட்டில் பூராவும் பரவாது. ஒரு பாட்டிலில் அதிகமாக, இன்னொன்றில் ஒன்றுமே இல்லாமல் போகும். அந்த ஒன்றுமில்லாத பாட்டில்தான் கடையில் நுரைத்து மூடியைத் தள்ளும்.

ஆலையில் வரிசை மாறவே மாறாது: முதலில் தண்ணீர், அதில் பென்சோயேட், அது முழுக்கக் கரைந்து தெளிந்த பிறகு மற்றவை, அமிலம் கடைசி. உங்களுக்கும் அதேதான். கொதித்து ஆறிய தண்ணீரில் பென்சோயேட்டைத் தனியாகக் கரையுங்கள். திராட்சைச் சாறு தானே புளிப்பு என்பதால், அந்தக் கரைசலை முதலில் ஆறிய பாகில் ஊற்றி நன்றாகக் கலந்து, பிறகு சாறு, கடைசியில் சிட்ரிக் அமிலம்.

அளவுக்கு வருகிறேன். சிட்டிகைக் கணக்கை இன்றோடு விட்டுவிடுங்கள். மத்திய அரசின் பழைய பழப் பொருள் ஆணை காலத்திலிருந்து ஸ்குவாஷுக்குச் சொல்லித்தரும் உச்ச அளவு 600 பி.பி.எம்., அதாவது கிலோவுக்கு 600 மில்லிகிராம். கவனிக்க: இது பென்சாயிக் அமிலமாகக் கணக்கிட்ட அளவு. 1 கிராம் சோடியம் பென்சோயேட்டில் கிடைப்பது சுமார் 0.85 கிராம் அமிலம். ஆக ஒரு கிலோ ஸ்குவாஷுக்கு 0.7 கிராம் பொடி. இதையே ஊறுகாய்க்கு 250, அப்படியே குடிக்கும் பானத்துக்கு 120 என்று சொல்வார்கள். அடுத்த தடவை லேபிள் அச்சடிக்கும் முன் உங்கள் வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் இப்போதைய அட்டவணையை ஒருமுறை ஒத்துப்பாருங்கள்.

0.7 கிராமை வீட்டுத் தராசில் நிறுக்க முடியாது. அதனால் 10 கிராம் பொடியை நிறுத்துத் தண்ணீரில் கரைத்து, மொத்தம் 100 மில்லி வரும்படி ஆக்குங்கள். இப்போது 1 மில்லியில் 0.1 கிராம் இருக்கும். ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சால் கிலோவுக்கு 7 மில்லி. அன்றன்றைக்குக் கரைத்து அன்றே தீர்த்துவிடுங்கள்.

டார்டரேட்டுக்கு வழி: சாறைச் சூடுபடுத்திப் பெரிய கலனில் மூடி, சில நாள் குளிரில் அசையாமல் வையுங்கள். கல் இறங்கிய பிறகு மேல் தெளிவை மட்டும் எடுத்து ஸ்குவாஷ் போடுங்கள். அது தீங்கில்லாத பொருள், ஆனால் வாங்குபவர் கண்ணாடித் தூள் என்று நினைத்துப் பயந்துவிடுவார்.

ரோஸ்மில்க்_கடை:

அண்ணே, ரோஸ்மில்க் பாட்டில்ல இதைப் போட்டா எத்தனை நாள் தாங்கும்?

சிரப்_ரூம்:

தாங்காது தம்பி. பி.எச். என்பது புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம். பாலின் பி.எச். 6.6 பக்கம். பென்சாயிக் அமிலம் பி.எச். 4.2இல் பாதிக்குப் பாதி அயனிகளாகப் பிரிந்துவிடும், அப்படிப் பிரிந்தது வேலைக்கு ஆகாது. பி.எச். 3இல் 100க்கு 94 பங்கு வேலை செய்யும் நிலையில் இருக்கும், 4இல் 61, 5இல் 14, 6இல் ஒன்றரை. பிரியாத அமிலம்தான் ஈஸ்ட் செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே போகும். போன பிறகு அங்கே பிரிந்து செல்லின் உள்ளே புளிப்பேற்றும். அதை வெளியே தள்ளித் தள்ளியே செல்லின் சக்தி தீர்ந்து வளர்ச்சி நின்றுபோகும். பாலில் அது உள்ளேயே போகாது. இளநீர், கரும்புச்சாறு, பாதாம் பால் எல்லாவற்றுக்கும் இதே பதில். பாலைக் காய்ச்சி உடனே குளிர வைத்து அன்றே விற்பதுதான் வழி.

மண்வாசனை:

சார், நீங்க சொல்ற வேதியியல் சரி, மறுக்கல. ஆனா பாதுகாப்பு பத்தி யாரும் பேசலையே. 2007ல இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் செஞ்ச ஆய்வு ‘லான்செட்’ல வந்துச்சு. 3 வயசுப் பிள்ளைங்க, 8-9 வயசுப் பிள்ளைங்க, ரெண்டு வகையினருக்கும் செயற்கை நிறமிகளும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் குடுத்துப் பாத்தாங்க. துறுதுறுப்பு கூடுச்சு. அதோட பென்சோயேட்டும் வைட்டமின் சியும் சேந்தா பென்சீன் வருது, பென்சீன் புத்துநோய் உண்டாக்கும்ங்கிறது யாரும் மறுக்காத விஷயம். அப்போ திருப்பூர் அம்மா கேட்டதுல என்ன தப்பு?

வார்டு_நர்ஸ்:

குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறேன். மண்வாசனை சொன்ன சவுத்தாம்ப்டன் ஆய்வு உண்மை. ஆனால் அதில் நிறமிகளும் பென்சோயேட்டும் ஒன்றாகவே கொடுக்கப்பட்டன, தனியாகப் பென்சோயேட் மட்டும் கொடுத்துப் பார்க்கவில்லை. எது காரணம் என்று அந்த ஆய்வை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. அதன் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 முதல் லேபிளில் எச்சரிக்கை போடச் சொன்னது டார்ட்ரசின், சன்செட் யெல்லோ உள்ளிட்ட 6 நிறமிகளுக்குத்தான். பன்னீர்ப்பழம் அக்கா ஸ்குவாஷில் செயற்கை நிறம் போடுவதில்லை என்றால், அதைத் திருப்பூர் வாடிக்கையாளரிடம் முதலில் சொல்லுங்கள்.

இன்னொன்று. பிறவியிலேயே யூரியா சுழற்சிக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு ரத்தத்தில் அம்மோனியா ஏறும். அவர்களுக்கு நாங்கள் மருந்தாகவே சோடியம் பென்சோயேட் கொடுக்கிறோம். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் வரை, மருத்துவர் மேற்பார்வையில். கல்லீரலில் அது கிளைசின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்ந்து ஹிப்யூரிக் அமிலமாகிச் சிறுநீரில் போய்விடுகிறது. போகும்போது நைட்ரஜனையும் கூட்டிக்கொண்டு போகிறது, அதற்காகத்தான் கொடுப்பதே. ஆரோக்கியமான குழந்தையின் உடலும் ஜூஸில் வரும் சிறு அளவை இதே வழியில்தான் வெளியேற்றுகிறது. இது உடம்பில் சேர்ந்து தங்கிவிடும் பொருள் இல்லை.

அதேசமயம் சிலருக்கு இதனால் தோல் தடிப்பு கூடும். ஏற்கெனவே அடிக்கடி உடம்பு தடிக்கும் பிள்ளை என்றால் பெற்றோர் கவனித்து நிறுத்திவிடலாம். அதற்காகவே லேபிளில் எண் போடுவது அவசியம். மறைக்காமல் போட்ட அக்காவுக்கு என் பாராட்டு.

அடுக்களைக்_கணக்கு:

ரெண்டு பிள்ளைகளோட அம்மாவா நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016ல திரும்பப் பரிசீலிச்சு, தினமும் எடுத்துக்கலாம்ங்கிற எல்லையை உடல் எடை கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராம்னு வச்சிருக்கு. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்த நிபுணர் குழு 2021ல அதை 20ஆ உயர்த்துச்சு. நான் சின்ன எண்ணையே எடுத்துக்கிறேன். 20 கிலோ பிள்ளைக்கு 100 மில்லிகிராம்.

ஒரு கிளாஸுக்கு 40 மில்லி ஸ்குவாஷ், அது எடையில 48 கிராம் வரும். உச்ச அளவே போட்டிருந்தாலும் அதுல 29 மில்லிகிராம். மூணு கிளாஸ் குடிச்சா 87. நாலாவது கிளாஸ்ல எல்லை தாண்டுது. ஊறுகாய், சாஸ், ஜாம்னு மத்ததுலயும் இது இருக்குங்கிறதை மறந்துடக் கூடாது.

ஆனா அதே 48 கிராம்ல சர்க்கரை 20 கிராமுக்கு மேல. எனக்கு அதுதான் உறுத்துது. மூணு கிளாஸ்ல 60 கிராம் சர்க்கரை உள்ள போயிருக்கும்போது நாம பிரிசர்வேட்டிவைப் பத்தி மட்டும் சண்டை போட்டுக்கிட்டு இருக்கோம். நான் பிள்ளைகளுக்கு ஞாயித்துக்கிழமை ஒரு கிளாஸ்னு வச்சிருக்கேன், அது பென்சோயேட்டுக்காக இல்ல.

பழைய_பேப்பர்:

இந்தச் சண்டைக்கு 100 வருடத்துக்கு மேல் வயது. 1902இல் அமெரிக்க வேளாண் துறையின் தலைமை வேதியியலர் ஹார்வி வைலி, இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து அவர்கள் சாப்பாட்டில் போராக்ஸ், சாலிசிலிக் அமிலம், பார்மால்டிஹைடு, பென்சாயிக் அமிலம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து உடல்நிலையைக் குறித்துவந்தார். பத்திரிகைகள் அவர்களுக்கு வைத்த பெயர் ‘விஷப் படை’. 1906 தூய உணவுச் சட்டம் வர அதுவும் ஒரு காரணம். பென்சோயேட்டையும் தடை செய்ய வேண்டும் என்பது வைலியின் உறுதியான கருத்து. தக்காளிச் சாஸ் தயாரித்த ஹெயின்ஸ் நிறுவனம் பழுத்த பழம், கூடுதல் வினிகர், கூடுதல் சர்க்கரை என்று மாற்றி, பென்சோயேட் இல்லாமலே செய்யலாம் என்று காட்டியது. மற்ற உற்பத்தியாளர்கள் எதிர்க்க, அதிபர் ரூஸ்வெல்ட் வேதியியலர் ஐரா ரெம்சன் தலைமையில் குழு அமைத்தார். நாளொன்றுக்கு அரை கிராமுக்குக் கீழே தீங்கில்லை என்று அந்தக் குழு 1909இல் அறிக்கை தந்தது.

இதில் எனக்குப் படுவது: வைலி கேட்ட கேள்வி வீணில்லை. அன்றைக்கு அழுகின தக்காளியை அரைத்துப் பென்சோயேட்டைக் கொட்டி விற்றவர்கள் உண்டு. அவர் கோபம் அந்த வேலையின் மேல்தான்.

நம் வீட்டில் புகை போடும் சாம்பிராணியிலும் இதே பென்சாயிக் அமிலம் உண்டு. அந்தப் பிசினைச் சூடாக்கித்தான் இதை முதன்முதலில் பிரித்தார்கள். லவங்கப்பட்டையிலும் கிராம்பிலும் இயற்கையாகவே இருக்கிறது.

சிரப்_ரூம்:

பழைய பேப்பர் சொன்ன அழுகின தக்காளி விஷயத்தை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். பென்சோயேட் வளர்ச்சியைத் தடுக்கும், ஏற்கெனவே பெருகிவிட்ட கிருமியை அழிக்காது. ‘சைகோசாக்கரோமைசிஸ் பெய்லி’ என்று ஓர் ஈஸ்ட் இருக்கிறது. அனுமதித்த அளவுப் பென்சோயேட்டிலேயே சுகமாக வளரும். அது ஒரு குழாயில், ஒரு வால்வ் ரப்பரில் ஒட்டிக்கொண்டால் ஆலையையே நிறுத்திக் கழுவ வேண்டும். பொடியை இன்னும் கூட்டினால் போகாது. வெந்நீரும் தேய்ப்பும்தான் அதற்கு மருந்து. மண்வாசனை சொன்ன சூடாக அடைக்கும் முறை உங்களுக்கும் தேவை, பன்னீர்ப்பழம் சகோதரி. சாறைச் சூடுபடுத்தாமல் பென்சோயேட்டை மட்டும் நம்பிப் போடாதீர்கள்.

அவர் சொன்ன மாதிரி பொடியே இல்லாமலும் போடலாம். மூடி திறக்காத வரை நிற்கும். ஆனால் ஸ்குவாஷ் ஒரே நாளில் தீர்கிற பொருள் இல்லை. திறந்து, ஊற்றி, மூடி, வாரக்கணக்கில் வைப்பார்கள். சர்க்கரை 100க்கு 65 பங்குக்கு மேல் உள்ள நன்னாரி சர்பத் மாதிரியான பாகு தன்னைத் தானே காத்துக்கொள்ளும். 45 பங்கு ஸ்குவாஷ் காத்துக்கொள்ளாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டுக்குப் போகும் பாட்டிலை நினைத்து நான் போடு என்கிறேன்.

பென்சீன் பற்றி: அந்த அச்சம் பொய்யில்லை. பென்சோயேட், வைட்டமின் சி, கூடவே துளி செம்பு அல்லது இரும்பு, அதன் மேல் வெயிலும் சூடும் சேர்ந்தால் மிக நுண்ணிய அளவில் பென்சீன் உண்டாகும். 1990இலேயே அமெரிக்கத் தயாரிப்பாளர்களுக்குத் தெரியும். 2005-06இல் மறுபடி பரிசோதித்தபோது பெரும்பாலான பானங்களில் குடிநீருக்கு அங்கே அனுமதித்த 5 பி.பி.பி.க்குக் கீழேதான் இருந்தது. மீறிய சிலவற்றின் கலவையை நிறுவனங்கள் மாற்றின. பி.பி.பி. என்பது நூறு கோடியில் ஒரு பங்கு.

நீங்கள் செய்ய வேண்டியது: அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, சேர்க்காதீர்கள். திராட்சையில் வைட்டமின் சி குறைவு, அது உங்களுக்குச் சாதகம். செம்பு அண்டா, இரும்பு அகப்பை வேண்டாம், முழுக்க எவர்சில்வர். கடைக்காரரிடம் வெயில் படும் அலமாரியில் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பட்டாசு விஷயமும் உண்மைதான். விசில் அடிக்கும் வெடிகளின் கலவையில் பென்சோயேட் உப்புகளைச் சேர்ப்பார்கள். கந்தகமும் கரியும்கூடப் பட்டாசில்தான் போகின்றன. வாங்கும்போது உணவுத் தரம் என்று அச்சிட்ட, தொகுதி எண்ணும் தேதியும் உள்ள பொட்டலமாக வாங்குங்கள். தொழிற்சாலைக்குப் போகும் மலிவுச் சரக்கைச் சில்லறையில் பிரித்துத் தருபவர்கள் இருக்கிறார்கள், அதைத் தொடாதீர்கள்.

நெல்லிப்பாணி:

வணக்கம், நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். இஞ்ச நெல்லிக் கிறஷ் எண்டா விருந்தாளி வந்தா முதல் குடுக்கிறது அதுதான். நாங்களும் சின்ன அளவில செய்து விக்கிறம். நெல்லியில வைட்டமின் சி நிறைய இருக்கெண்டு எல்லாருக்கும் தெரியும். அப்ப அதுக்குள்ள பென்சோயேற் போட்டா ஐயா சொன்ன பென்சீன் வருமோ? பழக்கினவை ரெண்டு பொடி காட்டினவை. எதை எதுக்குப் போடுறதெண்டு எனக்கு வடிவா விளங்கேல்லை.

சிரப்_ரூம்:

தங்கச்சி, நல்ல கேள்வி. நெல்லிக்கும் எலுமிச்சைக்கும் பென்சோயேட் வேண்டாம். உங்களுக்குக் காட்டிய இரண்டாவது பொடி பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டாக இருக்கும், ஐ.என்.எஸ். 224. கே.எம்.எஸ். என்று சொல்வோம். அதிலிருந்து வரும் கந்தக டையாக்சைடு வைட்டமின் சியையும் காப்பாற்றும், நெல்லிச் சாறு பழுப்பாவதையும் தடுக்கும். இந்திய விதிகளில் ஸ்குவாஷ், கிரஷ் வகைக்குக் கந்தக டையாக்சைடாகக் கணக்கிட்டு 350 பி.பி.எம்., பொடியாகக் கிலோவுக்குச் சுமார் 0.6 கிராம். உங்கள் நாட்டு விதியை அங்கே உள்ள பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

திராட்சை, நாவல், மாதுளை என்று ஊதா, சிவப்பு நிறம் உள்ள எந்தப் பழத்துக்கும் கே.எம்.எஸ். ஆகாது, நிறத்தை வெளுத்துவிடும். அதனால்தான் அவற்றுக்குப் பென்சோயேட்.

வார்டு_நர்ஸ்:

ஒரு வரி சேர்க்கிறேன். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு சல்பைட் இழுப்பைத் தூண்டும். 224 என்ற எண் லேபிளில் பெரிதாகத் தெரியட்டும்.

நெல்லிப்பாணி:

நன்றி ஐயா, நன்றி அக்கா. லேபிள் திருப்பி அடிப்பிக்கிறம்.

மண்வாசனை:

வெயில், செம்பு, பொட்டலத் தரம், இதெல்லாம் சொன்னதுக்கு நன்றி சார். நான் என் கருத்தை மாத்திக்கல, எங்க கடையில பொடி இல்லாத, சின்ன 200 மில்லி பாட்டில்தான் போடுவோம். திறந்தா ரெண்டு நாள்ல தீந்துடும். ஆனா லேபிள்ல உண்மை எழுதி, நிறுத்துப் போடுறவங்களை ‘விஷம் விக்கிறாங்க’ன்னு இனி சொல்ல மாட்டேன். ‘பிரிசர்வேட்டிவ் இல்லை’ன்னு ஒட்டிட்டு உள்ள போடுறவங்க இருக்காங்களே, அவங்களைத்தான் பிடிக்கணும்.

பன்னீர்ப்பழம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஊசி நின்ன பாட்டில்களை விக்காம எடுத்து வச்சுட்டோம். சிரிஞ்ச் வாங்கி, சார் சொன்ன வரிசையில புதுசா ஒரு அண்டா போட்டாச்சு, பாகு கண்ணாடி மாதிரி தெளிவா நிக்குது. சாறு குளிர்ல இருக்கு, அடியில ஊதாக் கல்லு இறங்க ஆரம்பிச்சிருச்சு.

திருப்பூர் அம்மாவுக்கு இப்படி எழுதி அனுப்பினேன்: “செயற்கை நிறம் இல்ல. ஒரு கிலோ ஸ்குவாஷுக்கு 0.7 கிராம் சோடியம் பென்சோயேட், உணவுத் தரம், பொட்டலப் படம் இணைச்சிருக்கேன். பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு கிளாஸுக்கு மேல குடுக்க வேணாம், சர்க்கரை அதிகம். உடம்பு தடிக்கிற பிள்ளைன்னா வேணவே வேணாம். வெயில் படாம வைங்க.” படிச்சுட்டாங்க, இன்னும் பதில் வரல.

அடுத்த சீசன்ல நாவல் பழமும் போடலாம்னு இருக்கோம் சார். இதே அளவுதானா?

சிரப்_ரூம்:

அளவு அதேதான். ஆனால் நன்கு கனிந்த நாவலில் புளிப்பு குறைந்துவிடும், அதைக் கவனியுங்கள். பி.எச். தாள் ஊதா நிறச் சாற்றில் சரியாகத் தெரியாது, சின்ன மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். கலவை 3.5க்குக் கீழே வரும்வரை சிட்ரிக் அமிலம் சேர்க்கலாம், வைட்டமின் சி உள்ள எலுமிச்சைச் சாறு வேண்டாம். வரிசையை மறக்காதீர்கள், அமிலம் கடைசி.